வாசகர் கேள்வி – பதில்: சோறா, கம்பா, எசேக்கியேல் மாவா?

பிசான அறுப்பு முடிந்து புது நெல் வீடு வந்து சேரும் நேரமும் ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமாகிய லெந்து நாட்களும் ஒன்றாக வந்துவிட்டதாலோ என்னவோ, இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தானியத்தைப் பற்றியவையாகவே இருந்தன. ஒரே கேள்வியைக் கேட்டிருந்தவர்களின் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சகோதரி ஒருவர், "இது எசேக்கியேல் 4:9-இல் தேவனே சொல்லிக்கொடுத்த மாவு" என்று ஒரு பொட்டலத்தை விற்கிறார். என் கணவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு இந்த மாவில் ரொட்டி சுட்டுக் கொடுத்தால் மாத்திரையே தேவைப்படாது என்கிறார். விலையோ எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வாங்காமல் இருந்தால் அது அவிசுவாசமாகிவிடுமோ என்று மனம் கலங்குகிறது. (வாசகி, நாசரேத்)

சகோதரி அவர்களுக்கு, அந்த வசனத்தை அதன் அதிகாரத்தோடு சேர்த்து ஒருமுறை வாசியுங்கள். கோதுமை, வாற்கோதுமை, பெரும்பயறு, சிறுபயறு, தினை, கம்பு ஆகிய ஆறையும் ஒரே பாத்திரத்தில் போட்டு அப்பம் சுடும்படி தீர்க்கதரிசிக்குச் சொல்லப்பட்டது உடம்பு தேறுவதற்காக அல்ல. முற்றிக்கை போடப்பட்ட, அதாவது பகைவர் படை சூழ்ந்து வளைத்துக்கொண்ட எருசலேமில் ஜனங்கள் எப்படிப் பசியால் வாடப்போகிறார்கள் என்பதை அவர் தம் உடம்பிலேயே நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. நல்ல கோதுமை தனியாகக் கிடைக்காத நாளில், குலுக்கையின் அடியில் கிடந்ததையெல்லாம் வழித்துச் சேர்த்துச் சுட்ட பஞ்சகாலத்து அப்பம் அது. அடுத்த வசனத்திலேயே அளவும் வந்துவிடுகிறது. நாளொன்றுக்கு இருபது சேக்கல் நிறை, அதாவது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 230 கிராம். தண்ணீரோ ஹின் என்னும் படியில் ஆறில் ஒரு பங்கு, அரை லிட்டருக்குச் சற்று மேல். அதையும் வறட்டியை எரித்துச் சுட வேண்டும் என்று 15-ஆம் வசனம் சொல்லுகிறது. பொட்டலம் விற்கிறவர்கள் 9-ஆம் வசனத்தோடு நின்றுவிடுவதில் எனக்கு வியப்பில்லை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்த வசனத்தில் நாம் 'கம்பு' என்று வாசிப்பது எபிரெய மூலத்தில் கோதுமை இனத்தைச் சேர்ந்த, நம் பக்கத்தில் விளையாத ஒரு தானியம். மொழிபெயர்த்த பெரியவர்கள் இங்குள்ள ஜனங்களுக்கு விளங்கும்படி நம்முடைய கம்பின் பெயரை அதற்கு இட்டார்கள்; யாத்திராகமம் 9:32-இல் கல்மழைக்குத் தப்பிய கம்பும் அதுவேதான். ஆகையால் மூலத்தில் உள்ள அதே மாவு என்று எவராவது சொன்னால், எந்தக் கம்பு என்று நீங்கள் கேட்கலாம்.

இவ்வளவு சொன்னதனால் அந்தக் கலவை கெட்டது என்று எண்ணிவிடாதீர்கள். தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பயறுகளில் அது நிறைவு. பயறுகளில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் போதிய அளவு உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. ஆனால் இதற்காக நாம் பொட்டலத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. தோல் நீக்காத கறுப்பு உளுந்தும் அரிசியும் வெந்தயமும் பூண்டும் தேங்காயும் சேர்த்து நம் வீடுகளில் பொங்குகிற உளுந்தஞ்சோறு இதே வேலையைத்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறது, எள்ளுத் துவையலோடு சாப்பிட்டால் இன்னும் நன்று. ரொட்டிதான் வேண்டுமென்றால், முக்கால் பங்கு கோதுமையும், மீதிக் கால் பங்கில் கம்பும் தோலோடு வறுத்த கொண்டைக்கடலையும் கடையில் வாங்கி, மாவு மில்லில் திரித்து, சலிக்காமல் பயன்படுத்துங்கள். பொட்டலத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியே செலவாகும்.

பல தானிய மாவு என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பொட்டலம் ஒன்றை நானும் ஒருமுறை நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்பக்கத்தில் இருந்த சிறிய எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தபோது, சேர்மானங்களில் முதலாவதாக இருந்தது மைதா. எடை அதிகமுள்ள பொருளை முதலிலும் குறைந்ததைப் பின்னாலும் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆகவே அந்தப் பட்டியலின் முதல் இரண்டு பெயர்களை வாசித்தாலே பொட்டலத்துக்குள் பெரும்பாலும் என்ன இருக்கிறதென்பது தெரிந்துவிடும்.

உங்கள் கணவர் சோற்றை அடியோடு விடத் தேவையில்லை, குறைத்தால் போதும். மதியத்துக்கு வெந்த சோறு 150 கிராம் அளவில் ஒரு சிறு கிண்ணம், அதே அளவு பருப்போ பயறோ மீனோ, அதைப்போல இரு மடங்கு காய்கறி என்று தட்டை மாற்றி அடுக்குங்கள். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் தணியும். சமைக்கும் முன்பு ஒரு பிடி அரிசியை எடுத்து ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போட்டுவைக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறதா? இல்லையென்றால் திரும்பத் தொடங்குங்கள். அந்தப் பிடி உங்கள் கணவர் தட்டிலிருந்து குறைய வேண்டிய பிடியாகவே இருக்கட்டும்.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரக்கூடும். எனவே உணவை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தும்படி எசேக்கியேல் எங்கும் சொல்லவில்லை. விசுவாசத்தைப் பற்றிய உங்கள் கலக்கத்துக்கு 1 தீமோத்தேயு 4:4 பதில் வைத்திருக்கிறது: தேவன் படைத்ததெல்லாம் நல்லதாயிருக்கிறது, ஸ்தோத்திரத்தோடே ஏற்றுக்கொண்டால் ஒன்றும் தள்ளத்தக்கதல்ல. உங்கள் வீட்டுப் புழுங்கலரிசியும் அதில் அடங்கும்.

மருத்துவர் அரிசியைக் குறைக்கச் சொன்னதால் காலையில் கேப்பை (கேழ்வரகு) கூழ், மதியம் வரகுச் சோறு, இரவில் கம்பு தோசை என்று முற்றிலும் மாறிவிட்டேன். சிறுதானியம் என்றால் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று சொல்கிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் சராசரிச் சர்க்கரை சற்றுக் கூடியிருக்கிறது. தானியத்தில் கோளாறா, என் உடம்பில் கோளாறா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

ஐயா, கோளாறு 'வயிறு நிறைய' என்பதில் இருக்கிறது. நூறு கிராம் தீட்டிய பச்சரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கேப்பையில் 67, கம்பில் 62. வேறுபாடு உண்டு, ஆனால் அரிசிக்குப் பதிலாக இரு மடங்கு கேப்பை சாப்பிடலாம் என்னும் அளவுக்கு இல்லை. உண்மையான வேறுபாடு நார்ச்சத்தில்தான் இருக்கிறது. அரிசியில் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு, கேப்பையிலும் கம்பிலும் பதினொரு கிராமுக்கு மேல். அதோடு நூறு கிராம் கேப்பை ஏறத்தாழ 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தைத் தருகிறது, வேறெந்தத் தானியமும் அதற்கு அருகில் வராது. கம்பிலோ இரும்புச்சத்து மிகுதி. இவற்றுக்காக இந்தத் தானியங்களை நாம் சாப்பிட வேண்டும், அளவில்லாமல் சாப்பிடுவதற்கு இவை உரிமை தருவதில்லை.

பக்குவமும் கணக்கில் சேரும். கேப்பையை மாவாகத் திரித்து, நெடுநேரம் கொதிக்கவைத்து, நீர்க்கக் கரைத்துக் குடித்தால், பல்லுக்கும் வயிற்றுக்கும் வேலையே இல்லாமல் மாவுச்சத்து விரைவாக இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. அதே கேப்பையைக் கெட்டிக் களியாகக் கிண்டி, கீரைக் குழம்போடு உருண்டை அளவு பார்த்துச் சாப்பிடுவது அதைவிட நல்லது. முழுத் தானியமாக வேகவைத்துச் சாப்பிடுவது அதையும்விட நல்லது. நீங்கள் வாங்கும் வரகரிசி வெளேரென்று பளபளப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் தவிடு முழுவதும் தீட்டப்பட்டுவிட்டது, நார்ச்சத்தின் பெரும்பங்கும் தவிட்டோடு போயிருக்கும். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கடைகளில் இவை பெருகியிருக்கின்றன, கூடவே தீட்டும் ஆலைகளும் பெருகியிருக்கின்றன.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளின் மொத்த ஆற்றலில் தானியங்களிலிருந்து கிடைப்பது 45 விழுக்காட்டுக்கு மேற்போகக் கூடாது என்கிறது. சிறுதானியமும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. நம் முன்னோர் ஒரு செம்பு கம்பங்கூழைக் குடித்துவிட்டு, கமலை இறைத்தும் கரிசல் காட்டில் களை எடுத்தும் அன்று மாலைக்குள் அதைச் செலவழித்தார்கள். நீங்களும் நானும் கூழைக் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசிக்கிறோம்.

நீதிமொழிகள் 30:8-இல் ஆகூர் என்பவர், "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று ஜெபிக்கிறார். படியும் உழக்கும் வைத்து நெல் அளந்த நம் ஊர்க்காரருக்கு இந்த மொழிபெயர்ப்பைப் போல உறைப்பது வேறில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எந்தத் தானியம் என்று அவர் கேட்கவில்லை, எவ்வளவு என்பதையே கேட்கிறார். உங்கள் வரகுச் சோற்றையும் ஒரு மாதம் கிண்ணத்தில் அளந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த பரிசோதனையின் முடிவை எனக்கு எழுதுங்கள். சிறுநீரகத்தில் குறை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும், பயறையும் சிறுதானியத்தையும் கூட்டுவதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

நாங்கள் பனைத்தொழில் குடும்பம். சீனியைத்தான் மருத்துவர்கள் கூடாது என்கிறார்கள், கருப்பட்டி இயற்கையாகத் தேவன் தந்தது, அதனால் கெடுதல் இல்லை என்று என் தகப்பனார் நாளைக்கு நான்கு வேளை கருப்பட்டிக் காப்பி குடிக்கிறார். அவருக்கும் சர்க்கரை உண்டு. (வாசகர், உடன்குடி)

உடன்குடிக்காரரிடம் கருப்பட்டியைக் குறைசொல்ல எனக்குத் தைரியம் போதாது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில் இருக்கிற அதே பொருள். சிறிதளவு தாதுச்சத்தும் தனி மணமும் அதற்கு உண்டு. அவற்றை முன்னிட்டுச் சீனிக்குப் பதிலாக ஒரு சிறு துண்டு போடலாம், சர்க்கரை நோயாளிக்கு அது மருந்தாகிவிடாது. பதநீரிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சர்க்கரைதான். இடையன்குடியில் 1841 முதல் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர் காலத்தில் தேரிக்காட்டு ஜனங்கள் பனைக்காலம் முழுவதும் பதநீரையும் கருப்பட்டியையும் நம்பியே பசியாறினார்கள் என்பது உண்மை. அவர்கள் ஒரு நாளில் எத்தனை மரம் ஏறி இறங்கினார்கள் என்று உங்கள் தகப்பனாரிடமே கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"தேனைக் கண்டுபிடித்தாயானால் மட்டாய்ச் சாப்பிடு" என்று நீதிமொழிகள் 25:16 சொல்லுகிறது. தேனும் தேவன் தந்ததுதானே. நான்கு வேளைக் காப்பியில் மூன்றை இனிப்பில்லாமல் குடிக்கப் பழக்குங்கள். நாக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும், மனம் பழகத்தான் நாளாகும். பனங்கிழங்கில் நார்ச்சத்து மிகுதி என்பதால் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அதிலும் மாவுச்சத்து உண்டு. அதைச் சாப்பிடும் வேளையில் சோற்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

லெந்து நாற்பது நாளும் சோறு சாப்பிடுவதில்லை என்று பொருத்தனை செய்திருக்கிறேன். விடுதியில் இருப்பதால் இரவில் புரோட்டாவும் வெறும் சால்னாவும்தான் சாப்பிடுகிறேன். இது சரியான உபவாசமா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

தம்பி, தவிடும் முளையும் நீக்கிய மைதாவை எண்ணெயில் தோய்த்து அடுக்கடுக்காக வீசிச் சுட்டதைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றை வெறுத்தேன் என்று சொல்வதை உங்கள் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். பொருத்தனையை விட வேண்டாம், மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள். இரவில் இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் அவித்த சிறுபயறும் எடுத்துக்கொண்டு, புரோட்டாவுக்கு ஆகும் பணத்தை நாற்பது நாளும் சேர்த்து வையுங்கள். தேவனுக்குப் பிரியமான உபவாசம் என்று ஏசாயா 58:7 முதலாவதாகச் சொல்வது பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதைத்தான். அந்தப் பணம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

வருகிற அசனத்தில், அதாவது சபையாரின் பொதுப் பந்தியில், வெள்ளை அரிசிச் சோற்றுக்குப் பதிலாகச் சிறுதானியச் சோறு போட வேண்டும் என்று வாலிபர் சங்கத்தார் கேட்கிறார்கள். அசனம் என்றால் சோறும் குழம்பும்தான் என்று பெரியவர்கள் மறுக்கிறார்கள். சேகரக் கூட்டத்தில் இது சண்டையாகவே வளர்ந்துவிட்டது. (சபை மன்ற உறுப்பினர், மெஞ்ஞானபுரம் பக்கம்)

இந்த ஒன்றில் நான் பெரியவர்கள் பக்கம் நிற்கிறேன், ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

கர்த்தர் ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்தளித்த ஐந்து அப்பங்களும் வாற்கோதுமை அப்பங்கள் என்பதை யோவான் மட்டுமே குறிப்பிடுகிறார். வாற்கோதுமை அக்காலத்து ஏழைகளின் தானியம். 2 இராஜாக்கள் 7:1-இல் ஒரு சேக்கலுக்கு ஒரு மரக்கால் கோதுமை மா என்றால், அதே சேக்கலுக்கு இரண்டு மரக்கால் வாற்கோதுமை கிடைக்கும் என்று விலையே சொல்லப்பட்டிருக்கிறது. வாலிபர்கள் இந்த வசனத்தை எடுத்து, நம் ஊரில் கம்பும் குதிரைவாலியும்தானே ஏழைகளின் தானியம், ஆகையால் அதைப் போடுங்கள் என்று வாதாடக்கூடும். ஐம்பது வருடத்துக்கு முன்பு அது சரியாக இருந்திருக்கும். இன்றோ கணக்கு தலைகீழாகிவிட்டது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விளையும் குதிரைவாலி, அரிசியாகத் தீட்டிப் பொட்டலத்தில் வரும்போது சாப்பாட்டு அரிசியைவிட விலை உயர்ந்துவிடுகிறது. நியாய விலைக் கடையிலோ 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இன்று எல்லார் வீட்டிலும் வேகிற தானியம் எதுவோ, அதுவே நமக்கு வாற்கோதுமை.

அசனத்தின் சிறப்பே காணிக்கையாக வந்த அரிசியை ஒரே பெரிய அடுப்பில் பொங்கி, இருப்பவரும் இல்லாதவரும் ஒரே பந்தியில் ஒரே சோற்றைச் சாப்பிடுவதில் இருக்கிறது. கொரிந்து சபையில் ஒருவன் முந்திச் சாப்பிட்டு வெறித்திருக்க, இன்னொருவன் பசியாயிருந்ததைத்தான் பவுல் கண்டித்தார். சர்க்கரை நோயாளிக்கு ஒரு பந்தி, மற்றவருக்கு ஒரு பந்தி என்று பிரித்தால் அந்தச் சிறப்பு போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை சாப்பிடும் சோறு எவருக்கும் நோயைக் கொண்டுவராது, மற்ற 364 நாட்களின் தட்டுதான் கொண்டுவருகிறது.

வாலிபர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பரிமாறுகிறவர்கள் வாளியோடு வந்து, "போதும்" என்று கை மறித்த பின்னும் அன்பு மிகுதியால் இன்னொரு கரண்டி தள்ளிவிட்டுப் போகிறார்களே, அதை நிறுத்தச் சொல்லுங்கள். சோற்றின் அளவை உண்பவர் சொல்லட்டும். கத்தரிக்காய் அவியலையும் பருப்பையும் இரண்டாம் முறை கொண்டுவரட்டும். சிறுதானியத்தின் மேல் அவர்களுக்கு உண்மையான பற்று இருக்குமானால், அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குத் தங்கள் கையால் விளைவித்த ஒரு மூட்டை கம்பைக் கொண்டுவரட்டும், நானே ஏலம் கேட்க வருகிறேன்.

எங்கள் வயலில் விளைந்த அம்பை 16 நெல்லை வீட்டிலேயே புழுக்கி, அதிக தீட்டல் இல்லாமல் அரைத்து வைத்திருக்கிறோம். காலையில் பழைய சோறு சாப்பிடுவது இக்காலத்துக்கு ஏற்றதா? (வாசகி, அம்பாசமுத்திரம் வட்டம்)

ஏற்றதுதான். நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அதனால் தீட்டிய பச்சரிசியைவிட உங்கள் புழுங்கலரிசி ஒரு படி மேல். சோறு ஆறிக் குளிரும்போது அதன் மாவுச்சத்தில் சிறிதளவு எளிதில் செரிக்காத வகையாக மாறி நார்ச்சத்தைப் போல நடந்துகொள்கிறது. இரவு முழுவதும் தண்ணீரில் கிடக்கும்போது, இட்லி மாவைப் புளிக்கவைக்கும் அதே இனத்து நுண்ணுயிர்கள் அதிலும் பெருகுகின்றன. ஆனாலும் அது சோறுதான், சர்க்கரை உள்ளவர் கிண்ணக் கணக்கை இங்கேயும் விட்டுவிடக் கூடாது. கோடைக்காலத்தில் மண்பானையில் நல்ல தண்ணீர் ஊற்றி மூடிவைத்து, காலை வெயில் ஏறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். தொட்டுக்கொள்ள உரித்த சின்ன வெங்காயம் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். ஒரு நாளைக்கு மொத்தமாகவே ஐந்து கிராம் உப்புக்குள் நிற்க வேண்டியிருப்பதால், மோர்மிளகாயை மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.